பன்னிரண்டு பீப்பாய், பன்னிரண்டு தேங்காய்

அத்தியாயம் 6

சான் ஹோசேயிலிருந்து லிவர்மோருக்கு மாளவிகா ஐம்பது நிமிடத்தில் காரை ஓட்டி வந்துவிட்டாள். அதில் நாற்பத்தைந்து நிமிடம் பேசினாள்.

"பாஸ், நாம இந்த வருஷம் கண்டுபிடிச்ச லிஸ்ட்டைச் சொல்றேன். ஒரு தொலைஞ்ச பூனை. ரெண்டு பொய் ரெஸ்யூமே. ஒரு மாப்பிள்ளையோட நிஜ வயசு. இப்போ வைன்ல தேங்காய் வாசனை. போற போக்குல சாம்பார்ல உப்பு கம்மின்னு யாராவது கேஸ் குடுப்பாங்க."

"அந்த வயசைக் கண்டுபிடிச்சதுல ஒரு பொண்ணு தப்பிச்சா," என்றார் நஞ்சப்பன். "எக்ஸிட்டைப் பாரு."

நஞ்சப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. சான் ஹோசேயில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். மாளவிகா ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்து, ஒரே ஈமெயிலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். தற்காலிகமாக என்று சொல்லி இவரிடம் சேர்ந்து மூன்று வருடமாகிறது.

காய்ந்த குன்றுகள் இறங்கி முடிந்த இடத்தில் திராட்சைத் தோட்டம் ஆரம்பித்தது. வாசலிலேயே நின்றிருந்தார் சேனாபதி. காங்கேயத்துக்காரர். முப்பது வருடம் சிப் கம்பெனியில் உழைத்துவிட்டு, ஓய்வு பெற்றதும் பதினைந்து ஏக்கரையும் ஒரு பழைய வைன் கூடத்தையும் வாங்கியவர். வெள்ளிக்கிழமை விரதம். நெற்றியில் பட்டை.

"வாங்க நஞ்சப்பன். முதல்ல திருநீறு வெச்சுக்கோங்க."

கூடத்தின் உள்ளே முருகன் படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பலகை. அதன்மேல் மடித்த காகிதப் பொட்டலத்தில் திருநீறு. நஞ்சப்பன் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார். மாளவிகாவும் எடுத்தாள், மிச்சத்தை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள்.

"விஷயத்தைச் சொல்லுங்க," என்றார் நஞ்சப்பன்.

"போன அக்டோபர்ல பன்னெண்டு பேரல் வாங்கினேனுங்க. பிரெஞ்சு ஓக் மரம். புதுசு. அதுலதான் கேபர்நே வைன் ஊத்தி வெச்சோம். எட்டு மாசமாச்சு. சில மாசமாவே தேங்காய் வாசனை. போன வாரம் ஓக்லாண்டுல இருந்து ஒரு ரெஸ்டாரன்ட்காரர் டேஸ்ட் பண்ண வந்தாரு. ஒரு வாய் குடிச்சுட்டு, இது எந்த அமெரிக்கன் ஓக்குன்னு கேட்டுட்டாரு. எனக்குச் சாட்டையில அடிச்ச மாதிரி ஆயிப்போச்சு."

"சந்தேகம் யார் மேல?"

"அகிலன் மேல. இங்க எல்லாத்தையும் பார்த்துக்கற பையன். ஜனவரியில நான் கோயமுத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அப்பத்தான் வைனை வெளிய எடுத்து, பேரலைக் கழுவி, திரும்ப ஊத்தினான். அந்த நேரத்துல விலை ஜாஸ்தியான பிரெஞ்சு பேரலை வித்துட்டு, அமெரிக்கன் பேரலைக் கொண்டு வந்து வெச்சுட்டான். இதைத் தவிர வேற வழியே இல்ல."

"வேலையை விட்டு எடுத்தாச்சா?"

சேனாபதி போனை எடுத்துக் காட்டினார். வக்கீலுக்கும் அகிலனுக்கும் சேர்த்து எழுதிய மெயில். ஒரு மணி எட்டு நிமிடத்துக்குத் தானாகப் போகும்படி நேரம் குறித்திருந்தது.

"அதென்ன அங்கிள் ஒண்ணு எட்டு?" என்றாள் மாளவிகா.

"இந்த ஊர்ச் சூரிய உதயத்துக்குக் கணக்குப் போட்ட கோயில் காலண்டர்ல இன்னைக்கு ராகு காலம் ஒண்ணு ஏழுக்குத்தாம்மா முடியுது. ராகு காலத்துல எந்தக் காரியமும் ஆரம்பிக்கக் கூடாது."

"ஒருத்தரை வேலையை விட்டுத் தூக்கறதுக்கும் நல்ல நேரம் பார்ப்பீங்களா?"

"எல்லாக் காரியமும் காரியந்தானே."

மணி பதினொன்றே முக்கால். அகிலன் எச்-ஒன் விசாவில் இருப்பவன். வேலை போன நாளிலிருந்து அறுபது நாள். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். திருடன் என்று பெயர் வாங்கியவனுக்கு இந்த ஊரில் எந்த வைன் கூடம் வேலை கொடுக்கும்? அந்த மெயிலில் இருந்தது நான்கு வரி. நான்கு வரியில் எவ்வளவு வேலை முடிந்துவிடுகிறது என்பது மாளவிகாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பீப்பாய்கள் இரண்டு அடுக்காகப் படுத்துக் கிடந்தன. எல்லாவற்றின் வட்டமான மூடியிலும் தீயில் சுட்ட பிரெஞ்சு முத்திரை. முத்திரைக்கு மேலே மஞ்சள் பூசிய கறை. நடுவில் மங்கலாய் மூன்று குங்குமப் பொட்டு.

"நான்தாங்க வெச்சேன்," என்று குரல் வந்தது. சேனாபதியின் மனைவி பவளம் காபித் தட்டோடு நின்றிருந்தார். "பேரல் வந்தது ஆயுத பூஜை அன்னைக்கு. மறுநாள் விஜயதசமிக்கு வைன் ஊத்தணும்னு இவர் ஒத்தக்கால்ல நின்னாரு. நான் பொட்டு வெச்சு, பேரலுக்கு ஒண்ணுன்னு பன்னெண்டு தேங்காய் உடைச்சேன். அந்தப் பாவத்துக்கு நாலு மாசமா என் தேங்காய்தான் குத்தவாளி. வைன் வாசனைக்கு நான் காரணம், வைன் புளிச்சா நான் காரணம். இப்பத்தான் போன வாரம் எனக்கு ஜாமீன் கிடைச்சுது. அந்தப் பையனைப் பிடிச்சுட்டாரு."

"தேங்காய்த் தண்ணி பேரலுக்குள்ள போயிருக்குமா ஆன்ட்டி?" என்றாள் மாளவிகா.

"அடைப்பானைப் போட்டு இறுக்கித்தான் இருந்துச்சு. அப்படியே ஆனாலும், அந்த ஸ்டீல் டேங்க்குக்கும் ஒரு தேங்காய் உடைச்சேன். அது கோவிச்சுக்கக் கூடாதுன்னு. அதை ஏன் யாரும் திட்ட மாட்டேங்கறாங்க?"

நஞ்சப்பன் காபியைக் கீழே வைத்தார். "டேங்க் வைன்ல தேங்காய் வாசனை இருக்கா?"

"இல்லீங்க," என்றார் சேனாபதி.

"அப்ப தேங்காய் நிரபராதி. வாசனை மரத்துல இருந்துதான் வருது."

பவளம் கணவரை ஒரு பார்வை பார்த்தார். வாயால் திட்டியிருந்தால் சேனாபதிக்கு ஒருவேளை நிம்மதியாக இருந்திருக்கும்.

அகிலனைக் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வயது, கம்பத்துக்காரன். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கூலிக்குக் குனிந்து வளர்ந்த குடும்பம். இவன் கலிபோர்னியாவுக்கு வந்து வைன் தயாரிப்பு படித்திருந்தான். கைகள் முழங்கை வரை ஊதாக் கறை. தன்மேல் என்ன சந்தேகம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் துப்பறிகிறவர் வந்திருக்கிறார், முதலாளி முகத்தைத் திருப்புகிறார். கணக்குப் போடத் தெரிந்தவன்தான்.

"எந்த ஊர் மரமா இருந்தா என்னப்பா? ஓக்கு ஓக்குத்தானே?" என்று கேட்டார் நஞ்சப்பன்.

"அப்படி இல்ல சார். பிரான்ஸ்ல காட்டுல மரத்தை நெருக்கி வளர்ப்பாங்க. வெயிலுக்காக அடிச்சுப் பிடிச்சு நேரா மேல போகும், அடி பருக்காது. ஒரு வருஷத்துக்கு ஒரு நூல் கனம் ஏறினா பெருசு. ரேகை அவ்வளவு நெருக்கம். வைன் மெதுவா உள்ள போகும், மெதுவா லவங்கம் மாதிரி ஒரு வாசனையை எடுத்துக்கிட்டு வரும். இங்க அமெரிக்காவுல மிசௌரி ஓக் வேற இனம். சீக்கிரம் வளரும், ரேகை அகலம். அதுக்குன்னே தேங்காயும் வெனிலாவும் கலந்த மாதிரி ஒரு வாசனை உண்டு. பிரெஞ்சு மரம் காதுல ரகசியம் சொல்லும் சார். அமெரிக்க மரம் மைக்ல பேசும்."

"ரெண்டும் நல்லதுதானா?"

"கல்யாணத்துக்கு மைக் வேணும், பொண்ணு பார்க்கப் போனா வேணாம். எந்த வைனுக்கு எதுங்கறதுதான் கேள்வி. இந்த வைனுக்கு நான் கேட்டது பிரெஞ்சு."

"எங்க ஊர்ல தேக்கு இப்படித்தான்," என்றார் நஞ்சப்பன். அவருடைய அப்பா மேட்டுப்பாளையத்தில் மரம் தூக்கினவர். "நிலம்பூர்த் தேக்கும் வாய்க்கால் ஓரத் தேக்கும் பார்வைக்கு ஒண்ணு. தூக்கினாத் தெரியும். ஒண்ணு தோளை அழுத்தும், ஒண்ணு தோளை ஏமாத்தும். ஏதாவது காலி பேரல் இருக்கா?"

ஏழாம் நம்பர். முந்தின நாள்தான் சோதனைக்காக அகிலன் அதிலிருந்த வைனை வேறொரு சின்ன டேங்குக்கு மாற்றியிருந்தான். நஞ்சப்பன் பேனாக்கத்தியை விரித்தார். மூடியின் மேற்பரப்பில் ஒரு சீவல் எடுத்தார். அடுத்து, மூடியைச் சுற்றி விளிம்பாகத் தெரியும் பக்கப் பலகையின் முனையில் ஒரு சீவல். இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்தார்.

"மாளவிகா, கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாரு."

"இதுக்காகத்தான் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சேன்." கண்ணை மூடினாள். "இது பிரியாணியில தேடித் தேடி வெளிய போடற லவங்கம். இன்னொண்ணு... எங்கம்மாவோட தலை. ஞாயித்துக்கிழமை காலையில, தேங்காய் எண்ணெயோட."

"லவங்கம் மூடி. உங்கம்மா தலை பக்கப் பலகை," என்றார் நஞ்சப்பன். "மூடி பிரெஞ்சு, உடம்பு அமெரிக்கா."

சேனாபதி துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களா? நான் சொல்லல? முத்திரை இருக்கற மூடியை மட்டும் கழட்டி, வேற உடம்புல மாட்டியிருக்கான். என்ன மூளை பாருங்க. இந்த மூளையை வைன்ல காட்டியிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்."

மணி பன்னிரண்டு நாற்பது. அகிலனின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச நிறமும் இறங்கியது. வளையத்தைத் தளர்த்தினால் மூடியைக் கழற்றலாம். அதற்கான கருவியும் கூடத்தில் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

"நான் மாத்தல சார்," என்றான்.

"பாஸ், நம்ம கிளையண்ட் கரெக்ட்டா இருக்கறது எனக்குப் பிடிக்கல," என்று மாளவிகா மெல்லச் சொன்னாள். "நம்ம சரித்திரத்துலயே இல்ல."

நஞ்சப்பன் குந்தி உட்கார்ந்து மூடியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மணி, மஞ்சளைக் கெட்டியாக் கரைச்சீங்களா, தண்ணியாவா?"

"தண்ணியாத்தான் போச்சுங்க," என்றார் பவளம். "அவசரத்துல. எல்லாம் ஒழுகிருச்சு. காங்கேயம் சொந்தம் வாட்ஸப் குரூப்புல போட்டோ போட்டேன். என் நாத்தனார் அதுல, என்ன அண்ணி பேரலுக்குச் சளி பிடிச்சிருக்கான்னு எழுதினா. அவளுக்கு இன்னும் நான் பதில் போடல."

"அந்த போட்டோவைக் காட்டுங்க."

எட்டு மாதம் பின்னால் போக வேண்டியிருந்தது. மூன்று சீமந்தம், ஒரு கிரகப்பிரவேசம், நூற்றுக்கணக்கான காலை வணக்கம் தாண்டிப் பன்னிரண்டு பீப்பாய்க்கும் படம் வந்தது. ஏழாம் நம்பர் பீப்பாய், புது மஞ்சளோடு. அடியில் மஞ்சள் இரண்டாகப் பிரிந்து ஒழுகியிருந்தது. ஒரு கோடு நேராக இறங்கி, இன்னொன்று இடப்பக்கம் வளைந்து, இரண்டும் மூடியைத் தாண்டிப் பக்கப் பலகையின் விளிம்பில் போய் முடிந்தன.

நஞ்சப்பன் போனைப் பீப்பாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். அதே இரண்டு கோடு. மூடியில் ஆரம்பித்து, இம்மி விலகாமல் பக்கப் பலகையில் தொடர்ந்தது.

"மூடியைக் கழட்டி வேற உடம்புல மாட்டியிருந்தா, மூடியில கோடு இருக்கும், விளிம்புல இருக்காது. புதுசாப் பூசியிருந்தா இதே மாதிரி ஒழுக வைக்க எந்தக் கொம்பனாலயும் முடியாது. மாளவிகா, மீதி பதினொண்ணையும் பாரு."

மாளவிகா படங்களையும் போன் வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தாள். "ரெண்டு... கரெக்ட். மூணு... கரெக்ட். பாஸ், நாலு வருஷம் முன்னாடி எனக்குக் கம்பெனியில ஸ்டாக் ஆப்ஷன் இருந்துச்சு, இப்போ தவழறேன்." கடைசியில் எழுந்தபோது முழங்கால் இரண்டும் புழுதி. "பன்னெண்டும் கரெக்ட். ஆயுத பூஜை அன்னைக்கு இருந்த அதே மூடி, அதே உடம்பு."

"அப்ப பேரலே இப்படித்தான் வந்திருக்கு," என்றார் சேனாபதி. ஒரு நொடிதான் தயங்கினார். "அந்த சப்ளையர் ஏமாத்திட்டான். அவன் மேல கேஸ் போடணும்."

"ஏப்பா அகிலா," என்றார் நஞ்சப்பன், "பேரலை எப்ப அனுப்பச் சொல்லி ஆர்டர் போட்டே?"

"நவம்பர் முதல் வாரம் சார். அதுவரைக்கும் டேங்க்லதான் வைக்கறதா இருந்தேன். பார்த்தா அக்டோபர் பதினொண்ணு சாயங்காலமே வந்து அடுக்கியிருந்துச்சு. அறுவடை நேரம், நான் மூணு மணி நேரந்தான் தூங்கிட்டு இருந்தேன். சீக்கிரம் வந்துருச்சேன்னு சந்தோஷப்பட்டேன். மறுநாள் சுடுதண்ணி ஊத்தினப்ப தேங்காய் வாசனை வந்துச்சு. கீழே பார்த்தா காலடியில பன்னெண்டு தேங்காய் உடைஞ்சு கிடக்கு. நான் வேற என்ன நினைப்பேன்?"

"இந்த நாட்டுல எந்தச் சாமானும் மூணு வாரம் முன்னாடி வராது," என்றார் நஞ்சப்பன். "யாராவது போன் பண்ணாத வரைக்கும். லாரியில சாமான் வந்தா கூடவே ஒரு சீட்டு வரும். அன்னைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கினது யாரு?"

"நான்தாங்க," என்றார் சேனாபதி. குரல் ஒரு படி இறங்கியிருந்தது. "சீட்டு எங்கயோ போச்சு. சட்டைப் பாக்கெட்டுல வெச்ச ஞாபகம்."

"பாக்கெட்டுல இருந்துச்சு," என்றார் பவளம். "பூஜை முடிஞ்சு திருநீறு மடிக்கப் பேப்பர் தேடினேன். இந்தக் கூடத்துல ஒரு பழைய பேப்பர் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். இவர் பாக்கெட்டுல இருந்து ஒண்ணை உருவி..."

ஐந்து தலையும் முருகன் படத்தின் பக்கம் திரும்பின.

நஞ்சப்பன் பலகையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். திருநீற்றைச் சிந்தாமல் ஒரு காபித் தட்டில் கொட்டிவிட்டுக் காகிதத்தைப் பிரித்தார். எட்டு மாதமாகத் தினமும் சேனாபதி விரல் விட்டு எடுத்த காகிதம். மடிப்புகள் நைந்திருந்தன. எழுத்து நன்றாகத் தெரிந்தது. மாளவிகா வாங்கி, தமிழாக்கிப் படித்தாள்.

"பன்னெண்டு பேரல். மூடி, பிரெஞ்சு ஓக். உடம்பு, அமெரிக்கன் ஓக், மிசௌரி. முதல்ல ஆர்டர் பண்ணின பேரல் கப்பல்ல இருக்கறதால, வாடிக்கையாளரோட சம்மதத்துல மாற்றி அனுப்பப்பட்டது. சம்மதம் தந்தவர்..." நிறுத்தினாள். "அங்கிள், நீங்களே படிச்சுடுங்க. எனக்கு வாய் வரல."

சேனாபதி வாங்கினார். பார்த்தார். கீழே அவர் கையெழுத்து, வால் நீட்டி அழகாகக் கிடந்தது.

"விஜயதசமியை விட்டா அப்புறம் நல்ல நாள் தள்ளிப் போகுதுன்னு போன் பண்ணினேன்," என்றார் மெதுவாக. "கோயில் பார்க்கிங்ல இருந்து. கப்பல்ல இருக்கு, நவம்பர்லதான் வரும்னான். குடோன்ல வேற ரெடியா இருக்குன்னு என்னென்னமோ சொன்னான். பிரெஞ்சுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு. நாளைக்கே வருமான்னு கேட்டேன். வரும்னான். சரின்னுட்டேன்."

"அவன் சொன்னதைக் கேட்கல," என்றார் பவளம். "காலண்டர் சொன்னதைக் கேட்டீங்க."

"மணி ஒண்ணு நாலு," என்றாள் மாளவிகா.

சேனாபதி போனைத் தேடினார். மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி நெற்றிமேல் இருந்தது. ஒன்று ஐந்துக்கு மெயில் அழிந்தது. அகிலன் அந்த மெயிலைப் பார்க்கவே இல்லை. ஆனால் அவர் விரல் போன பரபரப்பைப் பார்த்தே அது என்னவென்று புரிந்துகொண்டான்.

"ராகு காலத்தை இனிமே குறை சொல்ல மாட்டேன்," என்றாள் மாளவிகா. "அது இல்லைன்னா காலையிலயே போயிருக்கும்."

சேனாபதி தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் எல்லாரையும் போல வேறு விஷயம் பேசினார். "இந்த வைனை இப்ப என்னப்பா பண்றது? கொட்டிரலாமா?"

அகிலன் ஆறாம் நம்பர் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குடித்தான். "அந்த ரெஸ்டாரன்ட்காரர் எந்த ஓக்குன்னு கேட்டாரே, கேட்டுட்டு என்ன பண்ணினார் சார்?"

"ரெண்டாவது கிளாஸ் கேட்டாரு. நான் அவமானத்துல சரியாக் கவனிக்கல."

"வைன்ல தப்பு இல்ல சார். மிசௌரின்னு லேபிள்ல போட்டா விக்கும். பிரெஞ்சுன்னு போட்டாத்தான் அது பொய்யான வைன்." கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தான். "நான் இருக்கணும்னா ரெண்டு விஷயம். லேபிள்ல உண்மை இருக்கணும். அடுத்த ஆர்டர்ல உங்க போன் பவளம் ஆன்ட்டிகிட்ட இருக்கணும்."

"நான் இப்பவே வாங்கிக்கறேன் தம்பி," என்று பவளம் கணவர் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டார். "முதல்ல நாத்தனாருக்கு ஒரு பதில் போடறேன். பேரலுக்குப் பிடிச்ச சளிதான் ஒரு புள்ளையோட வேலையைக் காப்பாத்துச்சுன்னு."

சேனாபதி அகிலனைப் பார்த்து நின்றார். ஒரு மணி பத்து நிமிடம். ராகு காலம் முடிந்திருந்தது. அதற்கு மேலும் காத்திருக்க அவருக்குச் சாக்கு இல்லை.

"தப்பு என்னுதுப்பா," என்றார்.

அகிலன் தலையை ஆட்டினான். மன்னித்தானா என்று தெரியவில்லை. ஏழாம் நம்பருக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான். காலிப் பீப்பாயைக் காய விடக் கூடாது.

திரும்பும்போது ஃப்ரீவேயில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மாளவிகா நகர முடியாத நேரத்தில் ரிப்போர்ட்டை வாயாலேயே தயார் செய்தாள்.

"குற்றவாளிங்கற இடத்துல என்ன போட பாஸ்? நல்ல நேரம்னு போட்டுடவா? கவித்துவமா இருக்கும். கிளையண்டும் கோவிச்சுக்க மாட்டார்."

நஞ்சப்பன் ஜன்னல் வழியாகக் காய்ந்த குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரம் யாருக்கும் மெயில் எழுதல," என்றார். "சேனாபதின்னு போடு. இனிஷியலோட."